பழைய படகும் கட்டியவர் பெயரும்

சிங்கப்பூரில் பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதைத்தான். பத்து ஆண்டுக்குத் தரப்படும் அந்தச் சான்றிதழில் மிச்சமிருக்கும் காலமே விலையில் பெரும்பங்கைத் தீர்மானித்துவிடுகிறது. படகுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. 1975இல் தண்ணீரில் இறங்கிய படகு இன்றைக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போய்த் திரும்பும். 2010இல் இறங்கியது ஏதோ ஒரு மரினாவின் மூலையில் பாசி பிடித்து, கேட்க ஆளில்லாமல் கிடக்கும். வயதை வைத்து விலை சொல்ல முடியாத இடத்தில் வாங்குபவர் பற்றிக்கொள்வது, கட்டியவரின் பெயரை. விற்பனை விளம்பரத்தில் முதல் வரியில் நிற்பதும் அதுதான். அந்தப் பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எதை நம்பிக் கொடுக்கலாம் என்பதே இங்கே கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பெயரால் வாங்குபவருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை, படகின் குறைகள் எங்கே இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவது. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வார்த்த படகென்றால் அது எங்கே ஒழுகும், எங்கே துருப்பிடிக்கும், எந்த ஆண்டில் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் பலர் பட்டு அறிந்த செய்தி. பெயர் தெரியாத படகில் அந்த அறிவு நமக்குக் கிடைக்காது. ஒவ்வோர் அங்குலத்தையும் புதிதாகத் தேடிப் பார்க்க வேண்டும். பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இந்த அறிவுக்கான விலையாக எண்ணினால் தவறு குறைவாக நேரும். உத்தரவாதத்துக்கான விலையாக எண்ணினால் ஏமாற்றம் நிச்சயம்.

சிராங்கூன் சாலை நகைக்கடையில் பழைய வளையலைப் போட்டால் எடைக்கும் மாற்றுக்கும் பணம் வரும்; செய்கூலி போனது போனதுதான். படகில் இது தலைகீழ். கண்ணாடியிழைப் படகின் உடலை உடைத்து விற்றால் ஒரு வெள்ளியும் தேறாது, அப்புறப்படுத்தத்தான் செலவாகும். அதன் விலை முழுவதும் செய்கூலியே. அதனால்தான் யார் செய்தது என்பது இவ்வளவு பெரிய கேள்வியாகிறது. ஆனால் படகில் செய்கூலி ஒரே நாளில் முடிவதில்லை. கட்டிய ஓடாவியின் கை முதலில் பட்டது. பிறகு முப்பது நாற்பது ஆண்டுகளில் பழுது பார்த்தவர், மின்கம்பி இழுத்தவர், இயந்திரம் மாற்றியவர், தளத்தில் துளை போட்டு ஏதோ ஒரு கருவியை முடுக்கியவர் என்று பல கைகள். பெயர் முதல் கைக்கு மட்டுமே சாட்சி.

இந்தத் தீவில் பழைய படகைப் பார்த்து விலை சொல்லும் கலை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குச் சரக்கு இறக்கிய படகுத் தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஆற்றோரமாகச் சூலியாக்களுக்கென்றே ஒரு குடியிருப்பு குறிக்கப்பட்டது. 1828 முதல் 1830 வரை தெலுக் ஆயர் தெருவில் எழுந்த நாகூர் தர்காவும் அதே கரையோர மக்களின் சுவடு. பின்னாளில் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போயிற்று. தொங்காங், டுவாகோ எனும் பருத்த மரப்படகுகள் ஆற்றை நிறைத்தன. 1977இல் ஆறுகளைத் தூய்மைப்படுத்தும் பெருந்திட்டம் தொடங்கியது. 1983இல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு இடம் மாறின. இன்று கிளார்க் கீயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளின் வடிவம் அவற்றிலிருந்து வந்ததே.

அந்தப் படகுகளை மதிப்பிட்ட முறை இன்றைய முறையிலிருந்து பெரிதும் வேறானது. காலாங் ஆற்றோரத்திலும் தஞ்சோங் ரூவிலும் படகு கட்டும் இடங்கள் இருந்தன. கட்டியவர், ஓட்டியவர், பழுது பார்த்தவர் எல்லாரும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். பலகை என்ன மரம், ஏராக்கட்டை ஒரே மரமா ஒட்டுப்போட்டதா, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து எப்போது அடித்தது என்பதையெல்லாம் கேட்டறிய முடிந்தது. பெயரும் படகும் பிரியாமல் இருந்த காலம் அது. கட்டிய ஊரை விட்டுப் படகு ஆயிரக்கணக்கான மைல் போய், நாலைந்து முறை கைமாறும் இன்றைய சந்தையில்தான் பெயர் தனியாக நின்று விலை பேசத் தொடங்கியிருக்கிறது.

தமிழர் கட்டிய படகு தொலைதூரத்தில் கைமாறிய கதையும் உண்டு. வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட, 89 அடி நீளமுள்ள 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை 1930களில் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். பின்னாளில் மசாசூசெட்ஸில் கப்பல் கட்டும் தளமே நடத்தினார். 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கப்பலை வல்வெட்டித்துறை மாலுமிகள் அட்லாண்டிக்கைக் கடந்து செலுத்தி, 1938 ஆகஸ்டில் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மரமும் கட்டுமானமும் தெரிந்த ஒருவர் அறியாத கரையின் படகுக்குப் பணம் கொடுத்திருக்கிறார் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அந்தக் கரையின் கப்பல்கள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சரக்கோடு போய்வந்தவை. வல்வெட்டித்துறையின் பெயர் விளம்பரத்தில் வந்ததல்ல, அந்த ஓட்டத்தில் வந்தது. கட்டுபவரின் பெயரை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இன்றும் இல்லை: அவர் கட்டிய படகுகள் இருபது, முப்பது ஆண்டு கழித்து என்ன வேலை செய்துகொண்டிருக்கின்றன?

இந்த அளவுகோலை நம் ஊரிலேயே கட்டிய ஒரு பெயரின் மேல் வைத்துப் பார்க்கலாம். கிராண்ட் பேங்ஸ் என்ற உல்லாசப் படகுகளை அமெரிக்காவின் ஆறுகளிலும் கடலோரக் கால்வாய்களிலும் மெல்லப் பயணம் போகிறவர்கள் அரை நூற்றாண்டாகத் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி சிங்கப்பூரில் பிறந்தது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது. 1956இல் ஹாங்காங்கில் தொடங்கிய அமெரிக்கன் மரின் நிறுவனம் 1960களில் 36 அடிப் படகொன்றை உருவாக்கியது. மீன்பிடிப் படகின் உடல், உள்ளே வீடு மாதிரியான அறைகள், ஏழெட்டு நாட் வேகம். அறுபதுகளின் முடிவில் ஜூரோங்கில் தளம் திறந்தார்கள். எழுபதுகளின் நடுவில் பணநெருக்கடி வந்து ஹாங்காங் தளம் மூடப்பட, வேலை முழுவதும் இங்கே வந்தது. தொண்ணூறுகளில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் இன்னொரு தளம் எழுந்தது. பின்னர் கட்டுமானம் அங்கேயே நிலைத்தது. 2014இல் பாம் பீச் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தை வாங்கிய பிறகு, வேகமும் எடைக்குறைவும் முன்னால் வரும் வேறொரு வகைப் படகுகளுக்கு அந்தப் பெயர் போயிருக்கிறது.

ஆக, 'கிராண்ட் பேங்ஸ்' என்ற ஒரே பெயருக்குப் பின்னால் குறைந்தது நான்கு வேறு படகுகள் இருக்கின்றன. மரத்தில் கட்டிய ஹாங்காங் படகு, மரத்தில் கட்டிய சிங்கப்பூர்ப் படகு, கண்ணாடியிழைச் சிங்கப்பூர்ப் படகு, மலேசியப் படகு. 1973இன் நடுவில் மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு மாறினார்கள். அந்த ஆண்டை ஒட்டிய படகுகளை வெளியிலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடலாம். கண்ணாடியிழை உடலிலும் பலகைக் கோடுகள் விழும்படி அச்சை அமைத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த மாற்றத்தின் இரு பக்கமும் நிற்கும் படகுகளின் விலையில் இன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. மரப்படகு அழகில் குறைந்ததல்ல. ஆனால் அதைப் பராமரிக்கும் கைகள் அருகிவிட்டன. காப்பீட்டு நிறுவனங்களும் தயங்குகின்றன. பெயர் ஒன்றே என்பதற்காக விலையையும் ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது. எந்தத் தளம், எந்த ஆண்டு, எத்தனையாவது உடல் எண் என்று கேட்காமல் பெயரை மட்டும் சொல்பவரிடம் விலை பேசவே தொடங்க வேண்டாம்.

இப்போது அந்தப் பெயர் நமக்குத் தரும் அறிவைப் பாருங்கள். எழுபது, எண்பதுகளின் கிராண்ட் பேங்ஸ் படகில் முதலில் மண்டியிட்டுப் பார்க்க வேண்டியது தேக்குத் தளத்தை. தேக்குக் கீற்றுகளைத் திருகாணிகளால் கண்ணாடியிழைத் தளத்தில் முடுக்கி, தலைக்கு மேல் மரத்தக்கை வைத்து மூடியிருப்பார்கள். ஆண்டுகள் போகப்போகக் கால்பட்டும் தேய்த்துக் கழுவியும் தேக்கு மெலியும், தக்கை கழன்று போகும், கீற்றுகளுக்கிடையே உள்ள கறுப்புப் பசை வெடிக்கும். அந்த ஆயிரக்கணக்கான திருகாணித் துளை ஒவ்வொன்றும் மழைநீருக்கு வழி. தளத்தின் இரு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே இருக்கும் மரநிரப்பு ஊறி, பஞ்சாகிப் போகும். மேலே நடந்தால் மெத்தென்று அமுங்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், வெயில் ஓயாத சிங்கப்பூரில் இது மற்ற இடங்களைவிட விரைவாக நடக்கிறது. தேக்கைப் பெயர்த்து, நிரப்பை மாற்றி, மறுபடி பூசி எடுக்கும் செலவு சில சமயம் படகுக்குச் சொல்லும் விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும்.

அடுத்தது எரிபொருள் தொட்டி. அக்காலத் தொட்டிகள் இரும்புத் தகட்டில் செய்தவை. மேல்தளத்தில் டீசல் ஊற்றும் வாயைச் சுற்றி நீர் கசிந்தால், அது நேரே தொட்டியின் தலையில் சொட்டி நின்று துருவாகிறது. தொட்டியை வெளியே எடுக்க இயந்திரத்தை நகர்த்த வேண்டியிருக்கும். அதனால் வேலையின் செலவு தொட்டியின் விலையைப் பல மடங்கு தாண்டும். சன்னல்களின் தேக்குச் சட்டங்களுக்குக் கீழே கறை இருந்தால், உள்சுவரின் ஒட்டுப்பலகை எவ்வளவு தூரம் மக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை இந்தத் தலைமுறைப் படகுகளில் மிகுதியும் ஃபோர்ட் லேமன் 120. பிரிட்டனில் செய்த ஃபோர்ட் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரம்; அமெரிக்காவில் லேமன் நிறுவனம் அதைக் கடலுக்கேற்ப மாற்றியது. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 120 குதிரைத்திறன். பழையது என்றாலும் எளிமையானது, உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். நாம் போய்ச் சேரும்போதே சூடாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். எண்ணெயைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் எந்த உலோகம் எவ்வளவு தேய்ந்து கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் நான் சொல்ல முடிவது, அந்தப் படகின் 36 அடி, 42 அடி வகைகள் ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேல் கட்டப்பட்டதால்தான். அவற்றின் நோய்கள் எல்லாருக்கும் தெரிந்தவை, மருந்தும் தெரிந்தது. பெயருக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

பெயர் இருந்தும் இந்த அறிவு கிடைக்காத படகுகளும் சந்தையில் உண்டு. எழுபது, எண்பதுகளில் தைவானின் சிறு தளங்கள் பல இதே சாயலில் படகுகளைக் கட்டிக் குவித்தன. சிஎச்பி, மரின் டிரேடர் போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. ஒரே தளத்தின் படகு இறக்குமதியாளருக்கு இறக்குமதியாளர் வெவ்வேறு பெயரில் விற்கப்பட்டது. ஒரே பெயரில் வெவ்வேறு தளங்களின் படகுகளும் வந்தன. மரவேலை மிக நேர்த்தியாக இருக்கும். மின்கம்பியும் குழாய் இணைப்பும் அடுத்தடுத்த இரண்டு படகுகளில்கூட ஒரே மாதிரி இருக்காது. இங்கே பெயர் பெரும்பாலும் வணிகரின் பெயர். கட்டியவரின் பெயர் அல்ல. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல், அங்கே கட்டப்படும் அல்லது இறக்குமதியாகும் ஒவ்வொரு படகின் பின்புறத்திலும் 12 எழுத்து கொண்ட உடல் அடையாள எண் பொறிக்கப்பட வேண்டும். அதன் முதல் மூன்று எழுத்து கட்டிய அல்லது இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு உரியது. கட்டிய காலமும் அதிலேயே அடங்கியிருக்கிறது. விளம்பரம் சொல்லும் ஆண்டும் இந்த எண் சொல்லும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது சில நிமிட வேலை. 1998க்குப் பிறகு ஐரோப்பாவில் முதன்முதலாக விற்கப்பட்ட படகென்றால் சிஇ முத்திரைத் தகடு இருக்க வேண்டும். எத்தனை பேரை ஏற்றலாம், எந்தக் கடல் நிலைக்கு ஏற்றது என்பதை அது சொல்லிவிடும்.

பெயர் தவறான திசையிலும் இழுக்கும். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய எஃகுப் படகுகளைப் பாருங்கள். ஏழடிக்கும் குறைந்த அகலம், ஐம்பது அறுபது அடி நீளம், ஆயிரக்கணக்கானோர் அவற்றிலேயே குடியிருக்கிறார்கள். அறுபதுகளின் இறுதியிலிருந்து மார்க்கெட் ஹார்பரோவில் ஸ்பிரிங்கர் என்ற நிறுவனம் மலிவான படகுகளைக் கட்டியது. தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தவர் தொடங்கிய தொழில் அது. தகடு மெல்லியது, பழைய எரிவாயுத் தொட்டிகளின் இரும்பை வாங்கிக் கட்டினார்கள் என்றெல்லாம் ஒரு கதை இன்றுவரை சுற்றுகிறது. அந்தக் கதையோடு விலையும் கீழே போயிற்று. ஆனால் அவற்றில் ஏராளமானவை இன்னும் மிதக்கின்றன. எஃகுப் படகில் கதையைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. மீயொலிக் கருவியால் தகட்டின் தடிப்பை இடத்துக்கு இடம் அளந்துவிடலாம். அங்கே புதிதாகக் கட்டும் பெரும்பாலான படகுகளில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேற்பகுதி 4. பழையவற்றில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் காப்பீடு கிடைப்பது கடினம். குழி விழுந்த இடத்தில் மேலே தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா, உடலின் அரிப்பைத் தடுக்கும் மாக்னீசியக் கட்டிகள் கரைந்துபோயினவா என்பதும் அதோடு சேரும். நல்ல பெயருள்ளவர் கட்டி, இருபது ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த எஃகைவிட, கெட்ட பெயருள்ளவர் கட்டி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூக்கிச் சுரண்டிக் கறுப்புப் பூச்சு அடித்த எஃகு மேல். அளவுகருவி சொல்லும் இடத்தில் பெயருக்கு வேலை குறைவு.

இதைச் சிங்கப்பூருக்குத் திருப்பினால், நம் நீர் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுதும் வெதுவெதுப்பான கடல். குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி உலரவிடும் வழக்கம் இங்கில்லை. சிப்பியும் பாசியும் ஓய்வில்லாமல் பிடிக்கின்றன. சில வாரம் அசையாமல் கிடந்தால் சுழல்விசிறி ஒரு பந்தாகிவிடும். ஆகவே சோதனை ஓட்டத்தில் வேகம் வரவில்லையென்றால் இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் அடியைக் கழுவச் சொல்ல வேண்டும். மரப்படகுக்கோ கப்பல்புழு பெரும் எதிரி. வெளியே ஊசித்துளை, உள்ளே தேன்கூடு. கண்ணாடியிழையில் வேறு நோய். பூச்சின் வழியே நீர் மெல்ல ஊடுருவி, உள்ளே கரையும் பொருள்களோடு சேர்ந்து அழுத்தம் உண்டாக்க, அடிப்புறம் கொப்புளமாகப் பொங்கும். வெப்ப நீரில் இது விரைவு. நன்னீரில் இன்னும் விரைவு. 2008இல் மரினா பராஜ் எனும் அணை வந்த பிறகு சிங்கப்பூர் ஆறும், லிட்டில் இந்தியாவை ஒட்டி வரும் ரோச்சோர் கால்வாயின் நீர் சேரும் காலாங் முகத்துவாரமும் நன்னீர்த் தேக்கமாகிவிட்டன. அங்கே கிடக்கும் படகைக் கப்பல்புழு தொடாது, கொப்புளம் தொடும். ஒரு படகு எங்கே கட்டப்பட்டது என்பதோடு, எந்த நீரில் கிடந்தது என்றும் கேட்பது அதனால்தான். கொப்புளத்தைத் தடுக்கும் உயர்தரப் பிசின்களை நல்ல தளங்கள் எண்பதுகளுக்குப் பிறகே பரவலாகக் கையாளத் தொடங்கின. எழுபதுகளின் பெரிய பெயர்களிலும் பல இதிலிருந்து தப்பவில்லை.

கட்டியவருக்குப் பின் வந்த கை எவ்வளவு பெரிய தீங்கு செய்ய முடியும் என்பதைக் கேரளம் நமக்கு இரத்தத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்த ஈரடுக்குச் சுற்றுலாப் படகில் 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றியமைத்து, மேலே ஓர் அடுக்கு ஏற்றியிருந்தார்கள். வலையும் மீனும் அடியில் கிடக்கும் என்று எண்ணிக் கட்டிய உடலின் தலையில் மனிதர்களை ஏற்றினால் எடை மேலே போகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிராது. புதிய படகென்றால் பாதுகாப்பு என்றும் நினைக்க முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 உயிரைப் பறித்த 'ஜலகன்யகா' ஓட்டத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அழகுக்கோ இடத்துக்கோ கூரை உயர்த்திய, மேலே தண்ணீர்த் தொட்டியும் குளிர்சாதனமும் ஏற்றிய எந்தப் பழைய படகைப் பார்த்தாலும், மாற்றத்துக்குப் பின் சாய்வுச் சோதனை செய்த சான்று கேட்க வேண்டும். காட்ட முடியாவிட்டால், யார் கட்டியிருந்தாலும் அதை வாங்கக் கூடாது. இதில் விலைபேச இடமே இல்லை.

இவற்றையெல்லாம் வாங்குபவர் தாமே பார்த்துவிட முடியாது, சர்வேயர் வேண்டும். அமெரிக்காவில் சாம்ஸ், நாம்ஸ், பிரிட்டனில் ஐஐஎம்எஸ் போன்ற தொழில் அமைப்புகளின் உறுப்பினர்கள் இந்த வட்டாரத்திலும் வேலை செய்கிறார்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டும் சர்வேயரை ஒருபோதும் அமர்த்தக் கூடாது. சர்வேயர் நம் காசில், நம் ஆளாக வர வேண்டும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் கூலியும் நம்முடையதே. அதே வகைப் படகை முன்பு பார்த்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, பட்டத்தைப் பார்ப்பதைவிடப் பயன் தரும். அவர் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். உறுதியான இடம் கணீரென்றும் ஊறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். ஈரமானி காட்டும் அளவை அன்றே நம்பிவிடக் கூடாது, இப்போதுதான் நீரிலிருந்து ஏறிய உடல் எப்படியும் ஈரமாகத்தான் இருக்கும். விற்பவர் ஐந்தாண்டுக்கு முந்திய சர்வே அறிக்கையை நீட்டினால் வாங்கிப் படிக்கலாம், வரலாறாக மட்டும்.

காகிதத்தில் சிங்கப்பூருக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. இங்கே உல்லாசப் படகுக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். இயந்திரப் படகை ஓட்டுபவருக்கும் தனியே உரிமம். ஃபுக்கெட்டிலோ லங்காவியிலோ மலிவாகக் கிடைத்தது என்று ஓட்டிக்கொண்டு வந்தால், இறக்குமதியில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி காத்திருக்கும். 2024 முதல் உள்ள விகிதம் அது. இங்கேயே வாங்கினாலும் முன்னவர் அந்த வரியைக் கட்டினாரா என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். கட்டியவர் தந்த முதல் சான்றிதழிலிருந்து நமக்கு விற்பவர் வரை விற்பனைப் பத்திரங்கள் ஒரு கண்ணி விடாமல் வர வேண்டும். கடல்சட்டத்தில் மாலுமிகளின் சம்பள பாக்கி போன்ற சில கடன்கள் முதலாளியை விட்டுவிட்டுப் படகையே தொடரும். வங்கிக் கடன் தீர்ந்ததா என்பதோடு, சம்பளத்துக்கு வேலைசெய்த படகோட்டி இருந்தாரா, அவர் கணக்கு முடிந்ததா என்றும் கேட்பது நல்லது. பராமரிப்பு ரசீதுகளைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் உரிமையாளரிடம் வாங்கும் படகுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கட்டியவர் பெயருக்குக் கொடுப்பதைவிட அந்தப் பணம் பொருளுள்ளது.

இனி விலை. சிங்கப்பூரின் பழைய படகுச் சந்தை சிறியது. ஒரே மாதிரியான இரண்டு படகு ஒரே சமயம் விற்பனைக்கு வருவதே அரிது, அதனால் ஹாங்காங், ஃபுக்கெட், ஆஸ்திரேலியக் கிழக்குக் கரை வரை பார்த்தால்தான் ஒப்பிட முடியும். அங்கே காண்பதும் கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. கணக்கைப் பின்னாலிருந்து போடுவதே என் பரிந்துரை. நல்ல நிலையில் உள்ள அதே படகு என்ன போகும் என்று ஒரு மதிப்பு வைத்துக்கொண்டு, சர்வே அறிக்கை காட்டிய ஒவ்வொரு வேலைக்கும் பழுதுபார்ப்புத் தளத்திடம் எழுத்தில் விலை வாங்கிக் கழிக்க வேண்டும். படகு கரையில் நிற்கும் வாரங்களுக்கான வாடகையையும் கழிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மரினாவின் உறுப்புரிமையும் நிறுத்துமிடக் கட்டணமும் பல பழைய படகுகளில், சில ஆண்டுகளிலேயே வாங்கிய விலையைத் தாண்டிவிடுகின்றன. ஆகையால் பெயருக்காகப் பத்தடி பெரிய படகை வாங்குவது இந்த ஊரில் இரட்டைத் தண்டனை. முன்பணம் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் சர்வேக்கும் சோதனை ஓட்டத்துக்கும் உட்பட்டது என்ற வாசகம் இருக்க வேண்டும். நிறைவில்லையென்றால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சி நிற்பது பெயரே இல்லாத படகு. வார இறுதியில் தெற்குத் தீவுகளுக்கும் புலாவ் உபினுக்கும் மீன்பிடிக்கப் போகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த வகையே: ஜொகூரிலோ பாத்தாமிலோ ஏதோ ஓர் ஆற்றோரக் கொட்டகையில் வார்த்த கண்ணாடியிழைப் படகு. இவற்றை மலிவு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. உலகப் பெயர்களில் கிடைக்காத ஒன்று இவற்றில் கிடைக்கிறது: கட்டியவர் இன்னும் உயிரோடு, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். அவருடைய கொட்டகைக்கே போகலாம். அங்கே புதிதாகப் பளபளக்கும் படகைக் காட்டுவார். அதைப் பார்க்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் இதே அச்சில் வார்த்தது இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அந்த மீனவரைத் தேடிப் போய், படகின் அடியறையைத் திறக்கச் சொல்லி, விலா எலும்புகள் உடலோடு சேரும் மூலைகளில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, இயந்திரத்தைத் தாங்கும் கட்டைகள் இறுகி நிற்கின்றனவா, பின்பலகை ஊறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மீனவர் தம் அடுத்த படகையும் அதே ஆளிடம் கொடுத்துத்தான் கட்டுவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.